கடனும் கணக்கறிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



நுண்கடனும் நகர வளர்ச்சியும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். பொருளோ பெரிது, எனக்குத் தந்த நேரமோ சிறிது. ஆகவே ஓர் ஊரின் கதையைச் சொல்லி, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடமொன்றை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பாக்கிஸ்தானிலே, கராச்சி நகரத்தின் வடமேற்கில் ஒறாங்கி என்றொரு பெருங் குடியிருப்பு உண்டு. 1965ஆம் ஆண்டளவில் தோன்றி, 1971ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிகளாலும் பெருகிய ஊர் அது. நெசவாளரும் தையற்காரரும் நாட்கூலிகளும் அங்கே தாமாகவே வீடு கட்டிக்கொண்டனர். வீடு எழுந்தது, கழிவுநீர் செல்ல வழி பிறக்கவில்லை. வாளி மலசலகூடங்களும் குழிகளுமே கதியாயின. ஒழுங்கைகளிலே அழுக்குநீர் தேங்கிற்று. அதன் நடுவே பிள்ளைகள் விளையாடினர்.

1980ஆம் ஆண்டிலே அங்கு வந்தார் அக்தர் ஹமீத் கான். ஆங்கிலேயர் காலத்துச் சிவில் சேவைப் பதவியை உதறிவிட்டு, பூட்டுச் செய்யும் தொழிலாளியாய் உழைத்துப் பார்த்தவர். கொமிலாவிலே உழவர் கூட்டுறவை வளர்த்தவர். 1963ஆம் ஆண்டிலே மக்சேசே பரிசு பெற்றவர். அறுபது வயதைக் கடந்த அப்பெரியார் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, மக்களின் குறைகளைக் கேட்டார். கழிவுநீர் வடிகாலே பெருங்குறை என்றனர் மக்கள். அதனை அரசாங்கம் இலவசமாகத் தருமென்று அவர்கள் காத்திருந்தனர்.

அவர் செய்தது யாது? இருபது முப்பது வீடுகள் உள்ள ஓர் ஒழுங்கையை ஓர் அலகாகக் கொண்டார். ஒழுங்கையார் தமக்குள் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். பணத்தைச் சேர்ப்பதும், வைத்திருப்பதும், வேலையை மேற்பார்ப்பதும் அவர் கடமை. கானின் நிலையத்தார் அப்பணத்திலே கைவைக்கவில்லை. ஒரு சதமும் நன்கொடையாகக் கொடுக்கவுமில்லை. அவர்கள் கொடுத்தவை வேறு: நிலமட்டம் அளந்தனர், வரைபடம் தீட்டினர், செலவைக் கணக்கிட்டனர், அச்சுகளும் கருவிகளும் இரவல் தந்தனர், ஊர் இளைஞருக்கும் மேசன்மாருக்கும் வேலை பழக்கினர். ஒப்பந்தக்காரரின் இலாபம் நீங்கியது. வீட்டு மலசலகூடத்துக்கும் ஒழுங்கைக் குழாய்க்குமாக ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1000 ரூபாவே செலவாயிற்று. காலப்போக்கில் 90,000க்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு தம் செலவிலேயே வடிகால் பெற்றன. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் பொறுப்பென்று அவர்கள் வகுத்தனர். கையில் வரைபடம் இருந்தமையால், அப்பொறுப்பை வற்புறுத்திக் கேட்கவும் அவர்களால் முடிந்தது.

அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். சிறு தொழிலாளருக்குக் கடன் வழங்கும் நிதியம் அங்கே தோன்றியது 1987ஆம் ஆண்டிலேதான். ஏழாண்டுகள் அறிவு முன்னே சென்றது. கடன் பின்னே வந்தது.

நம் நாட்டிலே நிகழ்ந்தது என்ன? 2009ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் வீட்டு வாசலுக்கே வந்தது. கிழமைதோறும் தவணை. ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்கிய தாய்மார் பலர். 2016ஆம் ஆண்டிலே நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டிலே, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன். ஆண்டுக்கு 24 வீதம் வட்டி. பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000 ரூபா, ஆக 62,000 ரூபா. இருபத்து நான்கு வீதந்தானே என்று தோன்றும். ஆனால், மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே போகிறது. வட்டியோ முழு முதலுக்கும் அறவிடப்படுகிறது. குறைந்துவரும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும்! கையொப்பமிடுமுன் இக்கணக்கைப் பக்கத்திலிருந்து போட்டுக்காட்ட எத்தனை தாய்மாருக்கு ஆள் இருந்தது?

வடிகாலுக்கும் இப்பாடம் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலே சுண்ணக்கற் பாறை. மேலே விட்டது கீழே இறங்கும். வீடுகள் நெருங்கிய இடங்களிலே மலக்குழியும் கிணறும் அயலயலாக இருக்கின்றன. நம் குழி அயலவர் கிணற்றைக் கெடுக்கும். அவர் குழி நம் கிணற்றைக் கெடுக்கும். மதிலை உயர்த்தி இதனைத் தடுக்க இயலாது. ஒழுங்கையார் கூடியே தீர்வு காணவேண்டும்.

ஆதலால் வாலிபர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது, உங்கள் ஒழுங்கையின் படத்தை வரையுங்கள். கிணறு, குழி, வெள்ளம் ஓடும் வழி யாவையும் அதிலே குறியுங்கள். இரண்டாவது, மாதத்தில் ஒரு மாலை சனசமூக நிலையத்தில் அமர்ந்து, கடன் வாங்க எண்ணுவோருக்கு வட்டிக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பெரியோர்களே, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்நாட்டில் வேரூன்றியவை ஐக்கிய நாணய சங்கங்கள். அயலவரை அயலவர் அறிந்து கடன் கொடுத்த அந்த முறையின் நல்லதும் கெட்டதும் உங்களுக்குத் தெரியும். அவ்வனுபவத்தை மறைக்காமல் இளைஞருக்குச் சொல்லிக் கொடுங்கள். பணம் பகிர்ந்தால் குறையும். கணக்கறிவு பகிர்ந்தால் ஓர் ஒழுங்கையே பிழைக்கும்.