நர்ஸ் வாய் திறந்தால் நோயாளி பிழைப்பான்

(மில் வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மிஷினில் சத்தம் மாறினால் முதலில் யாருக்குத் தெரியும்? அருகில் நிற்கும் தொழிலாளிக்கு. வரப்பில் நீர் கசிந்தால் முதலில் யார் பார்ப்பது? மடை திருப்பும் விவசாயத் தொழிலாளி. சொல்ல வந்தவனை மேஸ்திரி ஏசி விரட்டினால், மறுமுறை அவன் சொல்வானா?

சர்க்கார் ஆஸ்பத்திரியும் இப்படித்தான். இரவெல்லாம் வார்டில் இருப்பவர் நர்ஸ். நோயாளிக்கு மூச்சு மாறினால் முதலில் காண்பவர் அவரே. அவர் சொன்னால் பெரிய டாக்டர் கேட்கிறாரா? இதில்தான் நம் உயிர் இருக்கிறது.

2007-08ல் உலக சுகாதார ஸ்தாபனம் டில்லி, லண்டன், மணிலா உள்ளிட்ட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் ஒரு முறையைச் சோதித்தது. ஆபரேஷனுக்குக் கத்தி வைக்குமுன் டாக்டர், நர்ஸ், மயக்க மருந்து கொடுப்பவர் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி யார், அறுவை எந்த இடத்தில் என்று கூடி உறுதி செய்ய வேண்டும். முடிந்ததும் பஞ்சு, ஊசி, கருவிகளின் கணக்கை நர்ஸ் உரக்கச் சொல்ல வேண்டும். இதற்குத் தேவை ஒரு தாள் காகிதம். 1,000 பேருக்கு 15 ஆக இருந்த சாவு 8 ஆகக் குறைந்தது!

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 101 ஆஸ்பத்திரிகளில் இம்முறை வந்த பிறகும் சாவு குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014ல் வெளியான ஆய்வு கூறிற்று. காரணத்தை டாக்டர்கள் விவாதிக்கட்டும். நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: காகிதத்தில் கோடு போட்டால் மட்டும் போதாது. கடைசி ஊழியர் "நிறுத்துங்கள்" என்றால் முதல் டாக்டர் நிற்க வேண்டும். அதுவே தலைமை, அதுவே கூட்டு வேலை.

நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுபவருக்கு அந்தத் துணிவு வருமா? தமிழ்நாட்டில் 2015ல் பரீட்சை எழுதித் தேறிய நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு, நிரந்தரமும் காலமுறை ஊதியமும் கேட்டார்கள். அது அவர்கள் வயிற்றுக்கான கோரிக்கை மட்டுமல்ல, நோயாளியின் கோரிக்கையும்கூட.

தோழர்களே, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸம்மா மேல் எரிந்து விழாதீர்கள். வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு சங்கத்துக்கு வாருங்கள். அவர்களோடு சேர்ந்தே மனுக் கொடுப்போம்!