வளைவு, வடிகால், வாசல் சாவி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் மேடையேறினால் பாலம், அணைக்கட்டு என்று பேசுவான் என்று நினைப்பீர்கள். நான் பேச வந்திருப்பது பிள்ளைகள் விளையாடும் ஒரு கான்கிரீட் பள்ளத்தைப் பற்றி. அதற்கு ஸ்கேட் பார்க் என்று பெயர். நாலு சிறு சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்று, வளைந்த சுவரில் ஏறி இறங்குவார்கள்.

இது தொடங்கிய கதை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். 1976-77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பிள்ளைகள் அந்தக் காலிக் குளங்களில் பலகையோடு இறங்கினார்கள். நாம் வற்றிய ஏரியில் கிரிக்கெட் ஆடியது போலத்தான். அந்த ஆட்டம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வாங்கினார்.

"அதெல்லாம் பெரிய ஊர் சமாச்சாரம்" என்று சொல்லிவிடாதீர்கள். நமக்குப் பக்கத்து மாமல்லபுரத்தில் பலகை ஏறிய சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம், 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், பன்னா அருகே ஜன்வார் என்றொரு கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரைன்ஹார்ட் முயற்சியில் 2015இல் அங்கே ஒரு பார்க் வந்தது. இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். அந்த ஊர்ப் பெண் ஆஷா கோண்ட், 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டி வரை போனார்.

இதைப் படித்துவிட்டுத்தான், திண்டிவனம் பக்கம் ஒரு நண்பரின் மனையில் மாதிரி வளைவு ஒன்று கட்டிப் பார்த்தேன். ஆரம் 6 அடி, உயரம் 3 அடி. கணக்குப் போட்டால் தரையில் 5 அடி 2 அங்குலம் இடம் பிடிக்கும். உச்சியில் சரிவு 60 டிகிரி. புதிதாகப் பழகுபவருக்கு இது போதும். எம்30 கான்கிரீட், 5 அங்குலக் கனம், விளிம்பில் 2 அங்குல இரும்புக் குழாய். ஜல்லி திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல்.

வளைவை யார் தேய்ப்பார்கள் என்றுதான் பயந்தேன். மேஸ்திரி சிரித்தார். "இன்னா சார், வட்டக் கிணறு கட்டின கை இது. அச்சு மட்டும் வெட்டிக் குடுங்க" என்றார். பிளைவுட்டில் வளைவை வெட்டி இரண்டு பக்கமும் நிறுத்தினோம். கலவையைக் கெட்டியாக வைத்து, கீழிருந்து மேலாகப் போட்டு, மட்டக்கோலால் அச்சோடு அச்சாக இழுத்தார்கள். அப்புறம் கரணையால் கண்ணாடி மாதிரி தேய்த்தார்கள். பிபிசி சிமெண்ட் என்பதால், ஐ.எஸ். 456 சொல்கிறபடி 10 நாள் ஈரச் சாக்கு.

கியூப் டெஸ்ட் பாஸ். ஆனால் நான் ஃபெயில். வளைவு முடிந்து தரை தொடங்கும் இடத்திலேயே ஜாயிண்ட் வைத்துவிட்டேன். அடியில் மண் சரியாகக் கெட்டிக்கவில்லை. தரை 3 மில்லிமீட்டர் இறங்கியது. வாசலில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பலகைச் சக்கரத்தின் விட்டமே சுமார் 5 சென்டிமீட்டர்தான். மேஸ்திரியின் மகள் அதில் தட்டி விழுந்து, மோவாயில் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இடிச்சிட்டுச் சரியா போடலாம் சார், புள்ள மறுபடி கேக்குது" என்றார். இடித்துக் கட்டினோம். இந்த முறை வளைவை ஒரு அடி தரைக்குள் நீட்டி, டவல் கம்பி வைத்து இணைத்தேன். மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டடத்துக்கும் கடைசிப் பரிசோதகர் அதைப் பயன்படுத்துகிறவர்தான்.

அடுத்தது தண்ணீர். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 100 சதுர மீட்டர் பள்ளத்தில் அந்த மழை பெய்தால் 50 ஆயிரம் லிட்டர். வெளியேற வழி இல்லையென்றால் அது பார்க் இல்லை, கொசுக் குட்டை. ஆகவே நம் மாவட்டத்தில் பள்ளம் தோண்டாமல், தரைக்கு மேல் உயர்த்திக் கட்டுவதே நல்லது என்பது என் கருத்து. தண்ணீர் தானாக வழிந்து ஓடும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே கிராமத்துக்குக் கிராமம் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொத்தனார்கள் இருக்கிறார்கள், ஜல்லி இருக்கிறது. அவர்களுக்காக நம் சங்கம் ஒரு சிறு பார்க் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தை மாணவர்கள் போடட்டும். மேற்பார்வைக்கு நான் வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. பணம் வசூலிக்கும் முன், மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வைப்போம். சாவி யாரிடம்? வடிகாலைத் தூர்வாருவது யார்? எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் கதவு திறக்குமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கட்டவே வேண்டாம். வேலி போட்ட மைதானங்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய உண்டு.

மேஸ்திரி மகள் இப்போது அந்த வளைவில் ஏறி, திரும்பி, விழாமல் இறங்குகிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று ஆட இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.