சோதித்துப் பார்த்த மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார்



ஓமியோபதி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சின்னச் சின்ன வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள்தாம். நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். கசப்பு இல்லை, ஊசி இல்லை. குழந்தைகள்கூட அழாமல் கேட்டு வாங்கித் தின்னும். மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஏற்றுக்கொண்ட துறைகளுள் இதுவும் ஒன்று. இந்தியாவில் இதற்கெனத் தனிக் கல்லூரிகளும் பட்டங்களும் இருக்கின்றன.

ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர், "ஓமியோபதியிலும் உண்மை இருக்கிறது" என்று மருத்துவர்கள் கூடிய சபையில் வாய் திறந்து சொன்னால் என்ன ஆகும்? அதைச் சொல்லி, அதன் விலையையும் கொடுத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்.

1833ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கல்கத்தாவை அடுத்த ஹவுரா மாவட்டத்தில் பைக்பாரா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். எளிய குடும்பம். சிறு வயதிலேயே தந்தை காலமானார். சில ஆண்டுகளில் தாயும் போய்விட்டார். தாய்மாமன்மார்தாம் கல்கத்தாவில் வைத்து அவரை வளர்த்தார்கள். தாய்மாமன் வீட்டில் வளரும் பிள்ளையின் நிலை எப்படியிருக்கும் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை படிப்பையே துணையாகப் பற்றிக்கொண்டது. ஹேர் பள்ளியில் உதவித்தொகை பெற்று, இந்துக் கல்லூரிக்குப் போனார். அங்கே அறிவியல் கற்க வசதி போதவில்லை என்று 1854இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். மருத்துவராக வேண்டும் என்ற ஆசையைவிட, அறிவியலைக் கற்க வேண்டும் என்ற பசிதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவருடைய மாணவப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். உறவுக்காரப் பிள்ளை ஒருவனுக்குக் கண் நோய். அவனை அழைத்துக்கொண்டு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனார் மகேந்திரலால். அங்கே பேராசிரியர் ஆர்ச்சர், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கண்ணின் அமைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். யாருக்கும் விடை தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவர் மகேந்திரலாலிடமிருந்து விடை வந்தது. பேராசிரியர் மேலும் மேலும் கேட்க, இவர் மேலும் மேலும் சொல்லிக்கொண்டே போனார். அதன் பயனாக, ஒளியியல் பற்றிச் சக மாணவர்களுக்கே தொடர் உரை நிகழ்த்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒளியைப் பற்றி அன்று பேசிய அந்த இளைஞர் பின்னர் எழுப்பிய கட்டடத்தில், ஒளியைப் பற்றிய ஓர் உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு நிகழப்போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

1863இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டத்தைப் பெற்றவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் சந்திரகுமார் டே. அதே ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவக் கழகத்தின் வங்கக் கிளை தொடங்கப்பட்டது. அதன் தொடக்க விழாவில் மகேந்திரலால் ஓர் உரையாற்றினார். அதில் ஓமியோபதியைப் போலி வைத்தியம் என்று விளாசித் தள்ளினார். வெள்ளைக்கார மருத்துவர்கள் கைதட்டினார்கள். கழகத்தின் செயலாளர் பொறுப்பும் பிறகு துணைத்தலைவர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன.

அந்த உரை ஒருவரின் கவனத்தை ஈர்த்தது. அவர் ராஜேந்திரலால் தத்தா. கல்கத்தாவின் பெரும் செல்வந்தர். மருத்துவப் பட்டம் கிடையாது. ஆனாலும் ஓமியோபதியை ஆர்வத்தோடு கற்று, தம் கைப்பணத்தைச் செலவழித்து மருந்து கொடுத்து வந்தவர். வித்தியாசாகரே அவரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர் என்றால் அவருடைய செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். இளம் மருத்துவரான மகேந்திரலாலைத் தம் பக்கம் இழுக்க அவர் எவ்வளவோ வாதாடினார். நடக்கவில்லை.

இந்த நேரத்தில் நண்பர் ஒருவர் மகேந்திரலாலிடம் ஒரு நூலைக் கொடுத்தார். வில்லியம் மார்கன் எழுதிய ஓமியோபதித் தத்துவ நூல் அது. 'இந்தியன் ஃபீல்டு' என்ற இதழுக்கு அதைப் பற்றி மதிப்புரை எழுத வேண்டும். கிழித்துத் தொங்கவிட நல்ல வாய்ப்பு என்றுதான் மகேந்திரலால் அதைக் கையில் எடுத்தார். படிக்கப் படிக்க ஒரு சங்கடம். நூலில் சொல்லியிருப்பது பொய் என்று எழுத வேண்டுமானால், அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தாமாகச் சோதித்துப் பாராமல் எப்படித் தெரியும்? மதிப்புரை எழுதும் எத்தனை பேருக்கு இந்தச் சங்கடம் வருகிறது என்பது வேறு கேள்வி.

ராஜேந்திரலால் தத்தாவிடமே போனார். உங்கள் நோயாளிகளை நான் பார்க்க வேண்டும், என்ன மருந்து கொடுக்கிறீர்கள், என்ன ஆகிறது என்று கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்று கேட்டார். கவனித்தார். மருந்தில் வேறு எதுவும் கலக்கப்படுகிறதா என்று சந்தேகப்பட்டுப் பார்த்தார். மருந்தே கொடுக்காமல் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்தும் பார்த்தார். சிலருக்கு அதிலேயே குணமாயிற்று. ஆனால் எல்லாருக்கும் ஆகவில்லை என்று அவருக்குத் தோன்றியது. முடிவில், இதில் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தார்.

1867 பிப்ரவரி 16. மருத்துவக் கழக வங்கக் கிளையின் நான்காம் ஆண்டுக் கூட்டம். துணைத்தலைவர் மகேந்திரலால் சர்க்கார் கட்டுரை வாசிக்க எழுந்தார். அன்றைய ஆங்கில மருத்துவத்தின் குறைகளை அடுக்கினார். நோய்க்கும் மருந்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஓமியோபதியர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றார். அதுவே முழு உண்மை என்று அவர் சொல்லவில்லை. மற்ற முறைகளைத் தூக்கி எறியுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டம் கொந்தளித்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கைதட்டியவர்களே எழுந்து நின்று எதிர்த்தார்கள். கழகத்திலிருந்து அவர் விலக்கப்பட்டார்.

அதோடு போயிற்றா? ஊரெங்கும் செய்தி பரவியது. நல்ல வரும்படியோடு நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழில் ஒரே அடியாகப் படுத்துவிட்டது. ஏறக்குறைய ஆறு மாதம் தம்மிடம் நோயாளிகளே வரவில்லை என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி வேண்டியவர்கள் வேண்டிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. எந்த இதழும் தம் கருத்தை வெளியிடத் தயங்கிய நிலையில், 1868 ஜனவரியில் 'கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்று சொந்தமாக ஓர் ஆங்கில மருத்துவ இதழையே தொடங்கிவிட்டார்.

பகை அத்தோடும் தீரவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1878இல், கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை மருத்துவப் புலத்தில் உறுப்பினராக்கியது. ஓமியோபதியர் ஒருவரோடு சேர்ந்து உட்கார மாட்டோம் என்று அந்தப் புலத்தின் மருத்துவர்கள் மறுத்தார்கள். அவர் எழுத்தில் பதில் கொடுத்தார், பின்பு தாமே விலகிக்கொண்டார். அதே பல்கலைக்கழகம் 1898இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் கொடுத்துப் பெருமைப்படுத்தியது. இடையில் 1887இல் கல்கத்தாவின் ஷெரிஃப் பதவியும் கிடைத்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மகேந்திரலால் கண்டது உண்மைதானா?

அவர் காலத்து ஆங்கில மருத்துவத்தை இன்றைய மருத்துவமனையோடு ஒப்பிடக்கூடாது. காய்ச்சலுக்கு இரத்தம் வடிப்பார்கள். அட்டை விடுவார்கள். பாதரச உப்பை அள்ளிக் கொடுப்பார்கள். காலரா கண்டவனுக்கு உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வற்றிப் போய்க்கொண்டிருக்கும். அவனுக்குப் பேதி மருந்தும் கொடுத்து இரத்தத்தையும் எடுத்தால் பிழைப்பானா? 1854இல் லண்டனைக் காலரா தாக்கியபோது, அங்கிருந்த ஓமியோபதி மருத்துவமனையில் இறந்தவர்களின் விகிதம் மற்ற மருத்துவமனைகளைவிடக் குறைவாகவே இருந்தது. மருந்து வென்றது என்று ஓமியோபதியர் சொன்னார்கள். இன்றைய மருத்துவம் வேறு விதமாகச் சொல்கிறது: கெடுதல் செய்யாமல் விட்டதே அங்கே பெரிய வைத்தியம். காலராவுக்கு முதலில் வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று, கணக்கு. ஓமியோபதியில் ஒரு துளி மருந்தை 99 துளி நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்குவார்கள். அதில் ஒரு துளி எடுத்து மீண்டும் 99 துளியில் கலப்பார்கள். இப்படி முப்பது முறை செய்தது '30' என்று குப்பியில் எழுதியிருக்கும். பன்னிரண்டு முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரே ஒரு மூலக்கூறுகூடக் குப்பியில் மிஞ்சும் வாய்ப்பு மிகக் குறைவு. மூலக்கூறுகளின் அளவை வியன்னாவில் லோஷ்மிட் முதன்முதலாக மதிப்பிட்டது 1865இல்தான். அதை உலகம் உறுதியாக ஏற்றுக்கொள்ள இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மகேந்திரலாலிடம் இந்தக் கணக்கு இல்லை. மருந்து எது, வெறும் சர்க்கரை எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் வைத்துச் செய்யும் சோதனை முறையும் அவர் காலத்தில் வழக்கத்துக்கு வரவில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஓமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிவித்தது. ஓமியோபதி மருத்துவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் புற்றுநோயும் நீரிழிவும் உள்ளவர்கள் மருத்துவமனை மருந்தை நிறுத்திவிட்டுச் சர்க்கரை உருண்டையை மட்டும் நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

புற்றுநோய் என்றதும் மகேந்திரலாலின் மிகப் புகழ்பெற்ற நோயாளியைச் சொல்லியாக வேண்டும். ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்றுநோய். 1885 அக்டோபர் முதல் ஷியாம்புகூர் வீட்டில் மகேந்திரலால் அவருக்கு மருத்துவம் பார்த்தார். சிகிச்சைச் செலவைச் சீடர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தமக்குக் கட்டணம் வேண்டாம் என்றார். நோயாளியை அதிகம் பேசவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தாமே மணிக்கணக்கில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பார்! அவரைக் கடவுளாக வணங்குவதை மட்டும் ஏற்கவில்லை. நல்ல மனிதர் ஒருவரை இப்படி ஆக்கிக் கெடுக்காதீர்கள் என்று சீடர்களிடம் முகத்துக்கு நேரே வாதிட்டார். பின்னாளில் விவேகானந்தர் ஆன நரேந்திரனும் அந்த வாதங்களில் கலந்துகொண்டவர்தாம். நோய் குணமாகவில்லை. 1886 ஆகஸ்ட் 16 அன்று பரமஹம்சர் மறைந்தார். அந்தச் செய்தி கேட்டு வந்த மகேந்திரலால், உடலைச் சுற்றிச் சீடர்கள் நிற்க ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லி, அதற்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

மருத்துவத்தைவிட நிலைத்து நின்றது அவருடைய வேறொரு வேலை. இந்தியர்கள் பட்டம் வாங்குகிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். ஆனால் தாங்களே சோதனை செய்து புதிதாக எதையும் கண்டுபிடிக்க ஓர் இடம் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு. 1869இல் தம் இதழில் இதைப் பற்றி எழுதினார். பிறகு பணத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏழு ஆண்டு அலைச்சலுக்குப் பின், 1876 ஜூலை 29 அன்று, பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் திறக்கப்பட்டது. செயிண்ட் சேவியர் கல்லூரியின் லாஃபோன் பாதிரியார் உற்ற துணையாக நின்றார். ஜகதீச சந்திர போஸும் அசுதோஷ் முகர்ஜியும் அங்கே விரிவுரை ஆற்றினார்கள். பின்னர் விஜயநகரம் மகாராஜா கொடுத்த 40,000 ரூபாயில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது.

ஆனால் அவர் கேட்ட அளவுக்குப் பணம் வரவில்லை. சம்பளம் கொடுத்து முழுநேரப் பேராசிரியர்களை வைக்க முடியவில்லை. கருவிகள் இருந்தன, ஆய்வு செய்ய ஆள் இல்லை. கழகம் தோல்வியடைந்துவிட்டது, இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேனோ என்று கடைசி ஆண்டுகளில் அவர் வெளிப்படையாகவே மனம் நொந்து பேசினார். தேவ்கரில் தம் மனைவி ராஜகுமாரியின் பெயரில் தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் கட்டிக் கொடுத்திருந்தார். அது ஒன்றே அவருக்கு ஆறுதல் போலும். 1904 பிப்ரவரி 23 அன்று கண்மூடினார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1907இல் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கணக்குத் துறை அதிகாரியாக ஒரு பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் வந்து சேர்ந்தார். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே உதவியாளராக இருந்த அசுதோஷ் டே. உள்ளே, கழகத்தின் செயலாளராக மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார் இருந்தார். தந்தை காத்துக் கிடந்த ஆள் இவர்தாம் என்று அவர் உடனே புரிந்துகொண்டார். ஆய்வுக்கூடத்தை அப்படியே ஒப்படைத்தார். அந்த இளைஞர் சி.வி. இராமன். அலுவலகம் போவதற்கு முன் விடியற்காலையிலும், அலுவலகம் முடிந்து மாலையிலும் அங்கேயே கிடந்து உழைத்தார். 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்த ஆய்வுக்கூடத்தில்தான். 1930இல் நோபல் பரிசு வந்தது. அந்த ஆய்வில் அவரோடு தோள் கொடுத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். 1933இல் அதே கழகத்தில் கிருஷ்ணன் ஏற்றுக்கொண்ட பதவியின் பெயர், மகேந்திரலால் சர்க்கார் இயற்பியல் பேராசிரியர்.