மலையை நிறுக்கும் தராசு



தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலே மழை நாளில் ஒரு வழக்கம் உண்டு. நனைந்த கொழுந்தை நிறுத்தால், நீரின் நிறையைக் கழித்தே கணக்கெழுதுவர். இலைமீது ஒட்டிய நீருக்குக் கணக்குப் பார்க்கும் நாம், மலைக்குள்ளே தேங்கிய நீரை நிறுத்துப் பார்க்க இயலுமா? இயலும் என்கிறது இன்றைய பௌதிகவியல்.

புவியீர்ப்பு எல்லா இடத்தும் ஒரே அளவினதன்று. நிலத்தடியில் பொருள் செறிந்திருந்தால் சற்றே கூடும். வெற்றிடம் இருந்தால் குறையும். நமது தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்புக் குறைவினால், கணித முறைப்படி இருக்கவேண்டிய மட்டத்தினின்றும் கடல் ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. பரந்த நிலத்தின் அடியில் 1 மீட்டர் கனத்துக்கு நீர் சேர்ந்தால், ஈர்ப்பு பத்துக் கோடியில் 4 பங்கு மாத்திரம் மிகும். அத்துணைச் சிறு வேறுபாட்டை எந்தத் தராசு காட்டும்?

விழுகின்ற அணுவே அத்தராசு. காற்றகற்றிய கலத்தில் ருபீடியம் என்னும் உலோகத்தின் அணுக்களை அடைத்து, லேசர் ஒளியால் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறார்கள். வேகம் தணியத் தணிய அணுக்கள் குளிர்கின்றன. இம்முறைக்காக ஸ்டீவன் சூ, கோஹன் தனூஜி, பிலிப்ஸ் ஆகிய மூவரும் 1997ல் நோபல் பரிசு பெற்றனர்.

குளிர்ந்த அணு அலையைப்போல் நடந்துகொள்ளும். விழும்போது ஓர் ஒளித்துடிப்பு அவ்வலையை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டாவது துடிப்பு திருப்புகிறது. மூன்றாவது மீண்டும் சேர்க்கிறது. இரண்டு அலைகளும் எவ்வளவு முன்பின்னாகச் சேர்கின்றன என்பதைக் கொண்டு ஈர்ப்பைக் கணிக்கலாம். 1991ல் கசேவிச்சும் சூவும் இதனைச் செய்துகாட்டினர். 2022ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் தெருவின்கீழ்ப் புதைந்திருந்த ஒரு சுரங்கவழியை இம்முறையாற் கண்டறிந்தனர்.

விண்வெளியில் அணுக்கள் கலத்தின் அடியில் வந்து மோதுவதில்லை; ஆதலால் நெடுநேரம் அளக்கலாம். 2018 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் குளிர் அணு ஆய்வுக்கூடம் ஒன்று இதற்கு வழி தேடுகிறது.

ஊவா மலைநாட்டார்க்கு இதில் என்ன அக்கறை? 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நீர் பெருக்கெடுத்தது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அதற்கு இரண்டு மாதம் முன்னர், அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழைநீர் ஊறிய மலைச்சரிவு லயன் வீடுகளைக் குடும்பங்களோடு மூடியது. முன்னதிலும் பின்னதிலும், கண்ணுக்குத் தெரியாத நீரே காரணம்.

எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. மீரியபெத்தை அபாயமான இடம் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேதான் வாழ்ந்தனர். மாற்று நிலமும் வீடும் இல்லாதவர்க்கு எச்சரிக்கை மட்டும் போதுமா? அணுத்தராசு வந்தாலும், அது சொல்வதைக் கேட்டு மக்களை வேறிடத்தில் குடியேற்றும் கடமை நம்முடையதே. அதுவரை, நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கிய ஊற்றுநீர் இவற்றைக் கண்டால், பொழுது விடியட்டும் என்று காத்திராது வெளியேறுங்கள்; கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவியுங்கள்.