சாலையை மறிக்கும் சைக்கிள் பந்தயம்

லங்காவி சைக்கிள் பந்தயத்தை நீங்கள் அறிவீர்கள். 1996ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம், பெயரில் லங்காவி இருந்தாலும், தீபகற்பத்தின் பல மாநிலங்களைக் கடந்து செல்வது. வீரர்கள் வரும்போது சாலையை மறிக்கிறார்கள். அங்கேதான் தகராறும் பிறக்கிறது.

"விளையாட்டுக்காகச் சற்று நேரம் பொறுக்கக் கூடாதா?" என்பார் ஒருவர். "எங்கள் பிழைப்புக்கு யார் பொறுப்பு?" என்பார் மற்றொருவர். இரண்டிலும் நியாயம் உண்டு. பட்டணத்தாருக்கு ஒரு சாலை அடைபட்டால் மறு சாலை இருக்கும். தோட்டத்திலிருந்து வெளியே செல்லப் பல இடங்களில் ஒரே வழிதான். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும்; தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். ரப்பர்ப் பாலும் நமக்காகக் காத்திராது, உறைந்துவிடும். பிரசவ வலி கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால், நேயர்களே, இத்தகைய பந்தயத்தில் வழிநெடுகச் சாலை நாள் முழுதும் அடைபடுவதில்லை. புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் தடை நீண்ட நேரம் இருக்கும். இடைவழியில், போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் முன்னே வந்து போக்குவரத்தை நிறுத்தும். கடைசி வண்டி சென்றதும் வழி திறக்கும்.

எப்போது வருவார்கள் என்பதையும் ஏறக்குறையக் கணக்கிடலாம். சமதரையில் வீரர்கள் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் செல்வார்கள். காலை 10 மணிக்குப் புறப்பட்டால், 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நம் சந்திப்புக்குப் பகல் 12 மணியளவில் வருவார்கள். மலைச்சாலையானால் இன்னும் தாமதமாகும். அந்த நேரம் முன்பே தெரிந்தால், லாரியை 11 மணிக்கே அனுப்பிவிடலாம் அல்லவா?

ஆகவே, தடுப்புக்கு முன் நின்று போலீஸ்காரருடன் வாதாடிப் பயனில்லை. அவர் உத்தரவை நிறைவேற்றுபவர். பந்தயத்திற்குச் சில வாரங்கள் முன்பே, தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கக் கிளையும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். மூன்று செய்திகளைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு அடைப்பார்கள்? எப்போது திறப்பார்கள்? நோயாளி வண்டியை அனுப்ப யாரிடம் சொல்ல வேண்டும்? விடை வந்ததும், தமிழில் எழுதிக் கோயிலிலும் கடையிலும் ஒட்டுங்கள்.

பிறகு பிள்ளைகளைச் சாலையோரம் பத்திரமாக நிறுத்தி, வீரர்களைப் பார்த்துக் கைதட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சியும் கெட வேண்டாம். பெற்றோரின் கூலியும் குறைய வேண்டாம்.