நெறி கட்டாத நிணநீர்ப் புற்று



காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. அந்த நெறிகளே நிணநீர்க் கணுக்கள். அவற்றிலுள்ள வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும்போது லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று உண்டாகிறது. ஆயினும் அந்நோய் எப்போதும் நெறியிலேயே பிறப்பதில்லை. இரைப்பை, மூக்கு, தோல், கண்குழி, மூளை ஆகிய இடங்களிலும் தோன்றுவதுண்டு. கழுத்திலும் அக்குளிலும் வீக்கம் காணாமையால் நோய் இன்னதென்று புலப்படுவது அரிதாகிறது.

இவ்வகை மிகுதியாகத் தோன்றுமிடம் இரைப்பை. வயிற்றுநோவு, பசியின்மை, உடல்மெலிவு ஆகியவை அதன் குறிகள். வயிற்றுப்புண்ணின் குறிகளும் அவையே. ஆதலால், சில வாரம் மருந்துண்டும் தணியாத நோவை எண்டோஸ்கோப் கொண்டு பார்த்து, சிறிது சதையெடுத்துச் சோதித்தல் வேண்டும். மெல்ல வளரும் ஒருவகை இரைப்பைப் புற்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை ஒழித்தாலே பலரிடத்துக் கரைந்துவிடும் என்பது 1990களில் தெளிவாயிற்று. நோயின் பெயரைச் சரியாக அறிந்தால், சிலருக்குக் கத்தியே வேண்டியதில்லை.

சோதனைக்கு முன்னரே ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் கட்டி சுருங்கி, நுண்ணோக்கியில் அடையாளம் மறைந்துவிடக்கூடும். காசநோய் மலிந்த நம் நாட்டில், ஊகத்தால் அதன் மருந்தைத் தொடங்கி மாதங்களை இழப்போரும் உளர்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையை நாடுவோருக்கும், பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் பயன்படும் செய்தி ஒன்றுண்டு. எடுத்த சதையை ஃபார்மலினில் இட்டு, பின் மெழுகில் பதித்துவைத்தால் அது பல ஆண்டுகள் கெடாது. அணுக்களின் வகையை நிறமேற்றிக் காட்டும் நுட்பச் சோதனைகள் எல்லா ஊர்களிலும் நடைபெறுவதில்லை. நோயாளி கப்பலேறுமுன் அந்த மெழுகுத் துண்டு விமானமேறிச் செல்லலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்குச் செல்வோர் அறிக்கையை மட்டும் கொண்டுசெல்லுதல் போதாது. மெழுகுத் துண்டையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இன்றேல் மறுபடியும் சதையெடுக்க நேரலாம்.

வேற்றுமொழி மருத்துவரிடம் சொல்லத் தடுமாறும் நாம், காய்ச்சல் கண்ட நாள், இரவு வியர்வை, குறைந்த எடை, உண்ட மருந்து ஆகியவற்றைத் தாளில் குறித்துச் செல்வோமாக. அக்குறிப்பு மருத்துவருக்கு வழிகாட்டும். நமக்கு நாட்களை மிச்சப்படுத்தும். இந்நோயில் நாட்களே உயிர்.