உசாத்துணை

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்துருவம்)



எமது பொது நூலகங்களுக்குள் நுழைந்தால் 'உசாத்துணைப் பகுதி' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். தமிழகத்தார் பார்வை நூல்கள் என்று வழங்குவனவற்றை ஈழத்திலே நாம் உசாத்துணை நூல்கள் என்கிறோம். இச்சொல்லை யாரோ அலுவலகத்திலிருந்து புதிதாய் ஆக்கித் தந்தார்கள் என எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. தொல்காப்பியர் களவியலிலே தோழியின் இயல்பைக் கூறுமிடத்து இச்சொல்லை ஆள்கிறார். உசாவுதல் என்பது வினவுதல், கலந்து ஆராய்தல். தன் மனத்திலுள்ளதைத் தாயிடமும் சொல்ல இயலாது தலைவி தவிக்கும் வேளையில், அவள் கேட்பதற்கும் சொல்வதற்கும் பக்கத்தில் நிற்பவள் தோழி. அவளே உசாத்துணை. அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் தோழியாகக் கண்ட அந்தச் சொல்லாட்சியை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

ஆனால் தோழி தானாக வந்து சொல்ல மாட்டாள். கேட்கவேண்டும். இன்று நான் உங்களோடு பேச விரும்புவது அந்தக் கேட்டலைப் பற்றியே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வரலாறு 'இலவசம்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. கே. எம். செல்லப்பா என்ற அன்பர் 1933ஆம் ஆண்டிலே தம் வீட்டில் வைத்தே பிறர்க்கு நூல்களை வாசிக்கக் கொடுத்தார். பின்னர் யாழ்ப்பாணத்திலே இலவசத் தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று ஊராரிடம் வேண்டுகோள் விடுத்தார். கல்விமான்களும் பிரமுகர்களும் கூடினர். குழுவொன்று அமைக்கப்பட்டது. 1934 ஆகஸ்ட் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றிலே 844 நூல்களுடன் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945இல் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள். படிப்புக்குக் காசு கேட்ட காலத்திலே, வாசிப்புக்குக் காசு கேட்கக்கூடாது என்று ஒரு தனிமனிதர் எண்ணினார். இதனை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கட்டடத்தின் அழகையே பேசுகிறோம். அதுவும் பேசத்தக்கதுதான். நூலகவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் சேர்ந்து உருவாகி, 1959 ஒக்டோபர் 11இல் திறக்கப்பட்டது அது.

அந்த இலவசம் இன்றும் இருக்கிறது. நூலை வீட்டுக்கு இரவல் கொண்டுபோவதற்கே அங்கத்துவமும் பிணையும் வேண்டும். அங்கேயே அமர்ந்து வாசிப்பதற்கும் உசாவுவதற்கும் எதுவும் வேண்டியதில்லை. உசாத்துணை நூல்கள் வெளியே செல்வதில்லையாதலால் எப்போது போனாலும் இருக்கும். ஆயிரக்கணக்கான ரூபா பெறுமதியான நூலை ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே மேசையில் வைத்துப் புரட்டலாம்.

நடப்பது என்ன? பரீட்சைக் காலத்தில் மேசைகள் நிரம்பி வழிகின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால், பிள்ளைகள் முன்னே விரிந்திருப்பவை அவர்கள் ரியூசனிலிருந்து கொண்டுவந்த குறிப்புக் கொப்பிகள். மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் நூலகத்தினுடையவை. வாசிப்பு வெளியிலிருந்து வந்தது. இதனை நான் குறைகூறவில்லை. வீட்டிலே ஒரு மேசை இல்லாத பிள்ளைக்கு நூலக மேசையே பெருங்கொடை. ஆயினும் பத்தடி தூரத்தில் நிற்கும் தோழியிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறார்களே என்பதே என் ஆதங்கம்.

எப்படிப் பேசுவது? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். உங்கள் ஊரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு புலவர் வாழ்ந்தார் என்று பாட்டா சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். அவரைப் பற்றி அறியவேண்டும். கைத்தொலைபேசியில் பெயரைத் தட்டினால் நான்கு வரி வரும். அதே நான்கு வரி பத்து இடத்தில் வரும். பத்து இடத்தில் வருவதால் அது உண்மையென நம்பிவிடுகிறோம்!

நூலகத்திலே உசாத்துணைப் பகுதிக்குப் போங்கள். முதலில் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' கேளுங்கள். 1886இல் வெளிவந்தது. அதனை ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் பேராசிரியர் பொ. பூலோகசிங்கம் பின்னாளில் பதிப்பித்தார்; அப்பதிப்புக் கிடைத்தால் அதையே எடுங்கள். அடுத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதானகோசம்'. 1902இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி என்றவுடன் 'அபிதான சிந்தாமணி' ஒன்றையே சொல்லும் மாணவர்கள், அதற்கு எட்டாண்டு முந்திய இந்நூலையும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். பின்னர் கணேசையரின் 'ஈழநாட்டுத் தமிழ்ப்புலவர் சரிதம்', 1939. இவற்றைப் பக்கத்தில் வைத்து அந்தப் புலவரின் பெயரைத் தேடுங்கள். ஒன்றில் ஊர் ஒன்றாக இருக்கும், மற்றதில் வேறாக இருக்கலாம். ஒன்றில் ஆசிரியர் பெயர் இருக்கும், மற்றதில் இராது. ஒன்றில் அவர் பெயரே இல்லாமற் போகலாம். ஏன் இல்லை என்ற கேள்வி எழும் கணத்திலே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை.

சொல்லாராய்ச்சியும் அவ்வாறே. 1842இல் வெளிவந்த, மானிப்பாய் அகராதி என்றும் சொல்லப்படும் யாழ்ப்பாண அகராதி, 1862இன் வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி ஆகிய மூன்றையும் ஒரு சொல்லுக்காக ஒப்பிட்டுப் பார்த்த மாணவன், அதன்பின் பொருள் விளக்கக் குறிப்பை அப்படியே பாடமாக்க மாட்டான். என் வகுப்பிலே இதனைக் கண்டிருக்கிறேன். கேள்வி கேட்டு என்னைச் சங்கடப்படுத்தத் தொடங்குவான். அது நல்ல சங்கடம்.

இன்னொன்று. எமது பொது நூலகங்களிற் பெரும்பாலானவை தூயி தசமப் பகுப்பு முறையிலே நூல்களை அடுக்குகின்றன. அதிலே தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. இலக்கிய மாணவன் அந்தத் தட்டோடு நின்றுவிடுகிறான். ஈழத்து நாவலொன்றைப் படிப்பவனுக்கு 954.93 என்ற எண்ணின் கீழுள்ள இலங்கை வரலாறு வேண்டாமா? பழக்கவழக்கங்களைச் சொல்லும் 390, மொழியைச் சொல்லும் 494.811, சைவத்தைத் தேட 294.5 ஆகியன எல்லாம் அந்த நாவலின் அயல் வீடுகளே. இந்த எண்களைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, நூலகரைக் கேட்கலாம். நூலகர் நூல்களுக்குக் காவலாளி என்ற எண்ணம் எங்களிடம் எப்படியோ ஊறிவிட்டது. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று இரங்கநாதன் 1931ஆம் ஆண்டிலேயே விதியாக வகுத்தார். வகுத்தவர் சீர்காழித் தமிழர் என்பதில் எமக்குப் பெருமை. அந்த விதியைப் பயன்படுத்திக் கேட்பதிலேதான் கூச்சம்.

இனி, சொல்லாமல் கடக்க முடியாத இடத்துக்கு வருகிறேன். 1981 மே 31 நள்ளிரவை அடுத்து அந்த நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகள் போயின. ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்றோரின் சேகரிப்புகள் போயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்டு, அதிர்ச்சியில் உயிர்நீத்தார். நுஃமானின் 'புத்தரின் படுகொலை' அதனை இலக்கியத்திலே நிலைநிறுத்தியது. இவை நீங்கள் அறிந்தவை. நான் சொல்ல வருவது வேறு.

எரிந்தவற்றை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வேறெங்கோ ஒரு படி இருந்த நூல்கள் ஒரு வகை. அவை பின்னர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நன்கொடையாகவும் விலைக்கும் வந்தன. ஒரே படியாக இருந்தவை மற்ற வகை. அவை வரவில்லை, வரவும் மாட்டா. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை நூறாண்டுக்கு முன்னரே இந்த அச்சத்தோடுதான் ஏடு தேடி அலைந்தார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அவர் அச்சேற்றியவற்றின் பதிப்புரைகளை வாசித்துப் பாருங்கள். செல்லரித்து ஒடியும் ஏட்டைப் பார்த்து ஒரு மனிதர் பட்ட துயரம் அவற்றிலே தெரியும். அவர் படியெடுத்து அச்சிட்டமையால் அந்நூல்கள் எந்த ஒரு கட்டடத்தையும் நம்பி இருக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்களின் சிறு வெளியீடுகள் இன்றும் ஒரே படியையே நம்பி இருக்கின்றன. அந்தப் படி பெரும்பாலும் நூலகத்திலே இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலே, பழைய தென்னிந்திய வார இதழ்களுக்குக் கீழே இருக்கிறது.

கல்வெட்டுகளைச் சொல்கிறேன். கல்லில் வெட்டியவை அல்ல. அந்தியேட்டி நாளிலே வந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். தேவாரம் பாடி முடிந்ததும் பலர் அதனை மடித்துப் பையில் வைத்து, பிறகு மறந்துவிடுவர். பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். இறந்தவரின் வம்சாவளி இருக்கும். கொண்ட இடம், கொடுத்த இடம், பிள்ளைகள், அவர்கள் பார்த்த உத்தியோகம், போன தேசம் எல்லாம் இருக்கும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எனச் செய்யுள்கள் இருக்கும். திதி வெண்பா ஒன்று, ஆண்டு, மாதம், பக்கம், திதி யாவற்றையும் நான்கடிக்குள் அடக்கி நிற்கும். ஊர்ப் புலவர்கள் பலரின் கவித்துவத்துக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இவையே. வேறு நூல் அவர்கள் போடவில்லை. போடப் பணமும் இருக்கவில்லை. சற்றுமுன் சொன்னேனே, மூன்று நூல்களிலும் காணப்படாத புலவர் என்று, அவரை இங்கேதான் தேடவேண்டும். அவை எல்லாம் நல்ல கவிதை என்று சொல்ல வரவில்லை. பெயரை மாற்றி மாற்றிப் பாடிய வெண்பாக்களும் உண்டு. ஆயினும் ஓர் ஊரின் நூறாண்டு இடப்பெயர்வை அறிய, இதைவிட நம்பத்தக்க சான்று அரசாங்கப் பதிவேட்டிலும் எளிதிற் கிட்டாது.

கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், சனசமூக நிலைய ஆண்டு மலர்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள் ஆகியனவும் இவ்வினத்தவையே. இடப்பெயர்வுகளிலே எத்தனை அலுமாரிகள் போயின என்பதை நீங்களே அறிவீர்கள். இப்போதும் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டும்போது முதலில் முற்றத்திலே எரிபவை கடதாசிகள்தாம்.

இத்துறையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2005இலே இளைஞர் சிலர் 'நூலகம்' என்ற பெயரில் இணையவழி எண்ணிம நூலகம் ஒன்றைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் மலர்களும் நான் சொன்ன கல்வெட்டுகளும்கூட அதிலே படியெடுத்து இடப்பட்டுள்ளன. எவரும் காசின்றி வாசிக்கலாம். அப்படியானால் பொது நூலகம் எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு தாளைத் தேடிக் கொணர்வது பாதி வேலை. அதை வேறொன்றோடு ஒப்பிட மேசை வேண்டும். இதற்கு அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்லும் ஆள் வேண்டும். தட்டிலே தேடாத நூல் கண்ணிற்படும் தற்செயலும் வேண்டும். வீட்டிலே இணைய வசதி இல்லாத பிள்ளையும் இன்னும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. ஒன்று அழிந்தால் மற்றதில் இருக்கட்டும்.

நூலகத்துக்குக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டைத் துப்புரவு செய்யும்போது மிஞ்சிய பழைய பாடநூல்களைச் சாக்கிலே கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நன்கொடை என்று பெயர் எழுதச் சொல்வோர் உளர். அதைவிடக் கொடியவர் வேறொரு சாரார். பழைய பத்திரிகைக் கட்டிலே தங்கள் கட்டுரைக்கு வேண்டிய பக்கத்தை அலகால் வெட்டி எடுத்துச் செல்வோர். வெட்டியவர் பெரும்பாலும் படித்தவராகவே இருப்பார் என்பதுதான் வேதனை. படியாதவருக்கு அந்தப் பக்கம் எதற்கு?

கொடுப்பதானால் கல்வெட்டையும் மலரையும் கொடுங்கள். இரண்டு படி இருந்தால் ஒன்றை ஊர் வாசிகசாலைக்கும் மற்றதைப் பொது நூலகத்துக்கும் கொடுக்கலாம். ஒரு படிதான் இருக்கிறது, அது அப்பாவின் நினைவு, பிரிய மனமில்லை என்றால் படியெடுக்க மட்டும் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அட்டை கிழிந்திருந்தால் பசைத் தாள் ஒட்டாதீர்கள். அது நாளடைவில் எழுத்தைத் தின்றுவிடும். யாருடைய கல்வெட்டு, எந்த ஊர், உங்களுக்கு எவ்வழி உறவு என்பதை வேறொரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஓரங்களிலே ஆச்சி பென்சிலால் பிழை திருத்தியிருந்தாலோ, அச்சிலே விடுபட்ட பேரப்பிள்ளையின் பெயரை எழுதிச் சேர்த்திருந்தாலோ, அழுக்கென்று அதனை அழித்துவிடாதீர்கள். பின்னாளில் உசாவ வருபவன் முதலில் பார்க்கப்போவது அந்தப் பென்சில் எழுத்தைத்தான்.